6,800 கிலோமீட்டர் மிதிப்பதற்கு முன்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரெகன் மாநிலத்து அஸ்டோரியாவிலிருந்து கிழக்குக் கரையில் வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை போகிறது டிரான்ஸ் அமெரிக்கா சைக்கிள் தடம். அந்நாடு தன் 200ஆவது ஆண்டைக் கொண்டாடிய 1976இல் 'பைக்சென்டென்னியல்' என்ற பெரும் சைக்கிள் பயணத்துக்காக வகுத்த தடம் இது. நீளம் ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர். ஒரு நற்காரியத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு இதில் போகிறவர்கள் பலர். டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் வேறொரு திசையில், ஆஸ்டின் நகரிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வரை, புற்றுநோய் ஒழிப்பு நிதிக்காக 2004 முதல் மிதிக்கிறார்கள். 6,400 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 70 நாள்.

பந்தயத்தில் ஓட்டுகிறவர் முழங்கால் வலித்தால் விலகிவிடலாம். இழப்பு அவருடையது மட்டும்தான். நிதிக்காக ஓட்டுகிறவர் அப்படி நினைப்பதில்லை. பணம் கொடுத்தவர்களின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. சில குழுக்களில் தினமும் காலையில் வட்டமாக நின்று, நோயில் இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அன்றைய ஓட்டத்தை அவருக்குக் காணிக்கையாக்கிவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். அந்தப் பெயரைச் சொன்ன வாயால் 'இன்று முடியவில்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம்! இந்த நல்ல மனமே உடலுக்குப் பெரிய ஆபத்தாகிவிடுகிறது. அதனால்தான், கால்களைப் பழக்குவதோடு எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதையும் தயாரிப்பில் சேர்க்கச் சொல்கிறேன்.

முதலில் மருத்துவர்

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள், 'நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம், படபடப்பு, மயக்கம் என்று எப்போதாவது வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு நாள் முழுக்க மிதிக்கும்போது தேவைப்படும் அளவு மாறும். அதை மருத்துவரோடு பேசி, பயிற்சி நாட்களிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். தடத்தில் கென்டக்கி மாநிலம் துரத்தும் நாய்களுக்குப் பேர்போனது. ஆகவே டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மறுநாளும் மிதிக்க

ஒரே நாளில் 150 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவது பெரிய விஷயமில்லை. மறுநாள் காலை வலிக்கும் தொடையோடு மீண்டும் சீட்டில் ஏறி 100 கிலோமீட்டர் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் பயிற்சியின் நடுக்கட்டத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட தூரம் ஓட்டுங்கள். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்து சதவீத அளவில் ஏற்றுவது பழைய வழக்கம். அதைத் தாண்டாதிருப்பது நல்லது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைத்து உடலுக்கு மூச்சு வாங்க இடம் கொடுங்கள். கூடாரம், துணி, பாத்திரம் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 கிலோ சுமை வரும். அந்தச் சுமையோடு சில வாரமாவது ஓட்டிப் பார்க்காமல் புறப்படாதீர்கள். சுமை ஏறிய வண்டி மேட்டிலும் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வேறு வண்டியாகிவிடும்.

காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணிக் குறித்துக்கொள்வது எளிய பழக்கம். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாகவே சில நாள் நீடித்து, தூக்கம் கெட்டு, எரிச்சலும் வந்தால் உடல் ஓய்வு கேட்கிறது என்று பொருள்.

உடல் வண்டியைத் தொடும் இடங்கள்

கண்டம் கடக்கிறவர்களைப் பாதியில் படுக்கவைப்பது பெரும்பாலும் இதயமோ நுரையீரலோ அல்ல. சீட், ஹேண்டில்பார், பெடல் ஆகிய மூன்றில் உடல் படும் இடங்கள்தான். இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பலர் அவதிப்படுகிறார்கள்.

தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் சிவக்கும். மயிர்க்கால்களில் கிருமி புகுந்து கட்டியாகும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் நேரடியாக அணிய வேண்டும், உள்ளாடையின் தையலே தோலை அறுக்கும். நாள் முடிந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி, அந்த இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். துவைக்காத கால்சட்டையை மறுநாள் போடவே கூடாது. குறைந்தது மூன்று வேண்டும். உராய்வைக் குறைக்கும் க்ரீமைத் தடவிக்கொள்வது நல்லது. கட்டி பெரிதாகி, காய்ச்சலும் வந்தால் அது மருந்துக்கும் ஓய்வுக்கும் உரிய நோய், பொறுத்துக்கொள்ள வேண்டிய அசௌகரியம் இல்லை.

பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவது ஆண், பெண் இருவருக்கும் வரும். நரம்பும் ரத்தக்குழாயும் சீட்டுக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்குவதே காரணம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் சமமாக்குங்கள். அகலம் உங்கள் இடுப்பெலும்புக்குப் பொருந்தாவிட்டால் சீட்டையே மாற்றுங்கள், ஆனால் பயணத்துக்கு வெகு முன்பே. புதிய சீட்டோடு கண்டம் கடக்கப் புறப்படுவதைப் போன்ற தவறு வேறில்லை.

கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது. பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், மெத்தென்ற கையுறை அணியுங்கள், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திப் பாருங்கள். விரல்களில் வலுக்குறைந்து சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கையில் முட்டி லேசாக மடிந்திருக்கும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பது முட்டியைக் காக்கும்.

தண்ணீர், உப்பு, உணவு

வெயிலில் மிதிப்பவர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்வை இழப்பார். ஆளுக்கு ஆள் இது மாறுவதால், பயிற்சி நாளில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். பின்னால் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இதுவும் ஆபத்து: வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட நாட்களில் ஓஆர்எஸ் போன்ற உப்புக் கரைசலையும் உப்புள்ள தின்பண்டத்தையும் சேருங்கள்.

மிதிக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. ஒரு நாளுக்கு 4,000 கலோரிக்கு மேல் தேவைப்படலாம். வயோமிங் மாநிலத்தில் ராலின்ஸ் முதல் லேண்டர் வரை சுமார் 200 கிலோமீட்டரில் கடை வைத்த இடம் அரிது. பசித்தபின் தேடலாம் என்பது அங்கே நடக்காது. சைவ உணவுக்காரர்கள் வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டி, டப்பா பீன்ஸ், பால் இவற்றை நம்பிக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க் கடையிலும் பெரும்பாலும் கிடைக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால், உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

வெயிலும் உயரமும்

கான்சஸ் சமவெளியில் ஜூலை வெயில் 38 டிகிரியைத் தொடும், நிழல் கிடையாது. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் பெரும்பகுதியை முடிப்பதே வழி. ஓட்டுகிறவர் தடுமாறிப் பேசினால், பெயரைக் கேட்டால் விழித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 911ஐ அழையுங்கள்.

தடத்தின் உச்சி கொலராடோவின் ஹூசியர் கணவாய், 3,518 மீட்டர். கிழக்கிலிருந்து வருபவர் சுமார் 1,430 மீட்டரில் உள்ள பியூப்ளோவிலிருந்து இரண்டு மூன்று நாளில் அங்கே ஏறிவிடுவார். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குங்கள்.

நிறுத்தும் உரிமை

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வலி மாத்திரைதான். 'இன்னும் இரண்டு நாள்தானே' என்று ஐபுபுரோஃபனை தினமும் விழுங்கி மிதிக்கிறார்கள். நீர்வற்றிய உடலில் அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். வலி சொல்ல வந்த செய்தியையும் மறைத்து, ஒரு வார ஓய்வில் ஆறியிருக்க வேண்டிய தசைநாரை மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக்கிவிடும்.

ஆகவே நிதி திரட்டும்போதே இதற்கு வழி செய்யுங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் வாங்காமல், முழு முயற்சிக்கும் சேர்த்து ஒரு தொகையாகக் கேளுங்கள். அப்போது நீங்கள் ஒரு நாள் ஓய்வெடுத்தால் நோயாளிக்குப் போகும் பணம் குறையாது. 'உடல் மறுத்தால் சில நாட்கள் உடன்வரும் வண்டியில் ஏறுவேன்' என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். படிக்கும் கொடையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், உங்களைக் கொன்று பெறும் கொடையை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: நெஞ்சுவலி, மயக்கம், காய்ச்சலோடு கட்டி, விரல்களில் வலுக்குறைவு, ஓய்வெடுத்த மறுநாளும் குறையாத முட்டிவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் மிதிப்பதில்லை. அந்தத் தாளின் ஒரு படி குழுத்தலைவரிடமும் ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும். நீங்கள் மறுத்தாலும் உங்களை வண்டியில் ஏற்றும் அதிகாரம் யாருக்கு என்று அவர் பெயரையும் அதிலேயே எழுதி, நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.