உங்களுக்குத் தெரியுமா? ரப்பர் விதையின் ஆயுள் சில வாரங்களே

கள்ளி விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், சில ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களில் வளரும் ரப்பர், பலா ஆகியவற்றின் விதைகளோ இதற்கு நேர்மாறானவை.

சேமிப்பைத் தாங்கும் திறனைக் கொண்டு, விதைகளை இ. எச். ராபர்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1973-இல் இரு வகையாகப் பிரித்தார். நெல், பயறு, கள்ளி ஆகியவை உலர்த்தலைத் தாங்குபவை. அவற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 5 விழுக்காட்டுக்குக் குறைத்து, உறைகுளிரில் பல்லாண்டுகள் காக்கலாம். ரப்பர், பலா, மா, கொக்கோ ஆகியவை உலர்த்தலைத் தாங்காதவை. இவற்றின் விதைகள் மிகுந்த ஈரத்துடனே மரத்திலிருந்து விழுகின்றன. அந்த ஈரம் வற்றினால் உயிரணுக்களின் சவ்வுகள் சிதைந்து கரு இறந்துவிடும். உறைய வைத்தாலோ உள்ளிருக்கும் நீர் பனித்துகளாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும்.

கேரளத்தில் ரப்பர் விதை உதிர்வது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. அன்றன்று பொறுக்கிய விதையை உடனே நாற்றங்காலில் இடுவதே நல்லது. சில நாள் தாமதமானாலும் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். ஈரமான கரித்தூளில் கலந்து, துளையிட்ட பாலித்தீன் பையில் வைத்தால் சுமார் ஒரு மாதம் தாங்கும். பலாக்கொட்டையையும் சுளையிலிருந்து எடுத்தவுடன் கழுவி, காயவிடாமல் நட வேண்டும்.

இத்தகைய இனங்களை நெடுங்காலம் காக்க, விதையிலிருந்து கருவின் அச்சை மட்டும் பிரித்தெடுத்து, −196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் வைக்கும் முறை கையாளப்படுகிறது. புது தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தில் இதற்கான உறைகுளிர் வங்கி உள்ளது.