பொருள்நோக்குக்கு அப்பால்

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச்சந்தை விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்திறங்கும் மல்லிகை அங்கே எடைபோடப்பட்டுக் கைமாறும். அச்சந்தையின் கடை ஒன்றுக்கு நிரல் எழுத முனையும் மாணவர், தாம் கற்ற சி++ மொழியில் ‘கடை’ என்னும் இனக்குழுவை அமைப்பார். ‘இருப்பு’ அதன் தரவு; ‘விற்பனை’ அதன் செயற்கூறு. தரவையும் அதன்மேல் நிகழும் செயலையும் ஒன்றாகப் பொதிந்து வைப்பதே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படையாகும்.

இருப்பு 40 கிலோ எனக் கொள்க. வணிகர் இருவர் கைப்பேசி வழியாக ஒரே நொடியில் தலைக்கு 30 கிலோ கேட்கின்றனர். இரு கோரிக்கைகளும் இருப்பை 40 என்றே படிக்கின்றன. இரண்டும் 30-ஐக் கழித்து 10 என எழுதுகின்றன. கணக்கில் மிச்சம் 10 கிலோ. விற்றதோ 60 கிலோ! முகூர்த்த நாளில் ஒருவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். நிரலின் எந்த வரியும் தனித்துப் பார்க்கையில் தவறன்று. ஒரே மதிப்பை ஒரே நேரத்தில் பலர் மாற்றலாம் என்பதே சிக்கலின் வேர். பூட்டுகள் இட்டு இதனைத் தடுக்கலாம். ஆயினும் பூட்டுகள் பெருகினால் ஒன்றுக்காக ஒன்று காத்து நிரல் உறைந்துபோகும் இடரும் பெருகும். ஒரே சில்லில் இரண்டு கருவகங்கள் கொண்ட மேசைக்கணினிகள் 2005-இல் பரவத் தொடங்கியபின், இத்தொல்லை நிரலர் பலருக்கும் அன்றாடத் தொல்லையாயிற்று.

மண்டியின் கணக்குப்பிள்ளை பழைய வரியை அழித்து எழுதுவதில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய வரி எழுதுவார். வரிகளைக் கூட்டிக் கழித்து இருப்பைக் காண்பார். செயற்கூறுசார் நிரலாக்கத்தின் போக்கும் இதுவே. அதில் மதிப்புகள் மாற்றப்படுவதில்லை; செயற்கூறு ஒன்று உள்ளீட்டைப் பெற்றுப் புதிய மதிப்பைத் தரும். எவ்வரி முந்தியது எனத் தீர்மானிக்க ஓரிடம் இங்கும் வேண்டும். ஆனால் அது வெளிப்படையான ஓரிடம். ஏனைய பகுதிகளைத் தனித்தனியே சோதித்துவிடலாம்.

இக்கருத்து புதியதன்று. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977-இல் டூரிங் விருது உரையிலேயே இதனை வலியுறுத்தினார். தம் கண்டுபிடிப்பின் வழிமுறையையே அவர் வினாவுக்கு உட்படுத்தியது வியப்புக்குரியது. பொருள்நோக்கு முறையோ நார்வேயில் பிறந்த சிமுலா 67-இல் முளைவிட்டு, ஸ்மால்டாக், சி++ எனத் தழைத்தது. அதற்கெனவே ‘ஊப்ஸ்லா’ மாநாடு 1986-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தொடங்கியது. மறு ஆண்டே அதே நகரில் செயற்கூறு மொழி ஆய்வாளர்கள் ஒரு மாநாட்டில் கூடினர். ஏறத்தாழ ஒரே தன்மையுடைய மொழிகள் பல சிதறிக் கிடப்பதைக் கண்டு, பொதுமொழி ஒன்றை வகுக்க அங்கேயே குழு அமைக்க முடிவு செய்தனர். 1990-இல் வெளிவந்த ஹாஸ்கெல் அம்முடிவின் விளைவு. அச்சேறிய கட்டுரைகளைவிட இத்தகைய நேர்ச்சந்திப்புகளே சிலவேளை மொழிகளின் போக்கைத் திருப்பிவிடுகின்றன.

2010-இல் ஊப்ஸ்லா, ‘ஸ்பிளாஷ்’ என்னும் விரிந்த மாநாட்டின் ஒரு பகுதியாயிற்று. அப்புதுப்பெயரில் ‘பொருள்நோக்கு’ என்னும் சொல் இல்லை. சி++ 2011-இலும், ஜாவா 2014-இலும் பெயரில்லாச் செயற்கூறுகளான லாம்டாக்களை ஏற்றன. பெங்களூரில் ‘ஃபங்ஷனல் கான்ஃப்’ மாநாடு நடைபெற்றதும் 2014-இல்தான்.

எனினும் இனக்குழுக்கள் மறைந்துவிடவில்லை. திரையில் தோன்றும் பொத்தானுக்கும் சாளரத்திற்கும் அவை இன்றும் இயல்பாகப் பொருந்துகின்றன. இலந்தைக்குளம், வடபழஞ்சி தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை தேடிச் செல்வோர் இருமுறைகளையும் ஒரே நிரலில் காண நேரும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடமே செயற்கூறு பற்றியது. தூய செயற்கூறு எது, அல்லாதது எது என்னும் வேறுபாடு அங்கே விளக்கப்படுகிறது.