இரத்தக் கொதிப்பு: மாத்திரையை நாமாக நிறுத்தலாமா?



தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலம் தவறாமல் முத்திரை போட்டு வாங்கும் நாம், நம் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க மட்டும் நேரமில்லை என்கிறோம்.

வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தெரியாது. ‘தலை சுற்றவில்லை, நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை பில் எழுதும்போது வலக்கை மரத்தது, நாக்குக் குழறியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் பிழைத்தோம். நன்றாக இருந்ததே மாத்திரையால்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

புன்னைக்காயல் பக்கம் உப்பும் கருவாடும் நம் சரக்கு. நம் இலையிலும் அவையே அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கல்லாவிலேயே உட்கார்ந்திராமல் தினம் அரை மணி நேரம் நடப்போம். புகையிலையும் மதுவும் வேண்டாம். அழுத்தம் இறங்கினாலும் மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். செலவு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதை வீட்டுக்கே கொண்டு வந்தது.

இந்த வாரமே, கடையை அரை மணி பிந்தித் திறந்தாலும் சரி, அளந்து பாருங்கள்.