நட்சத்திரம் வரலியே தாத்தா!

"குழந்தைகளின் கார்ட்டூனுக்கு வில்லனும் வன்முறையும் தேவையா, தேவையில்லையா?" இதுதான் தலைப்பு. இரண்டு அணியும் பேசி முடித்துவிட்டார்கள். இனி தீர்ப்பு. முன் வரிசையிலே ஒரு பையன் என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கான். 'இந்த ஆளு நம்ம டி.வி.யை நிறுத்தச் சொல்லிடுவாரோ'ன்னு அவனுக்குக் கவலை. தம்பி, பயப்படாதே!

'தேவை' அணித் தலைவர் என்ன கேட்டாரு? "ஐயா, ராவணன் இல்லாம ராமாயணமா? சூரன் இல்லாம சூரசம்ஹாரமா?"ன்னு கேட்டாரு. நியாயம். 'தேவையில்லை' அணியிலே பேசின அம்மா என்ன சொன்னாங்க? "எம் பிள்ளை ஒரு கையிலே இட்லி வச்சிருக்கான், இன்னொரு கையிலே பிளாஸ்டிக் கத்தி வச்சிருக்கான்"னாங்க. அதுவும் நியாயம்.

நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தலைப்பிலேயே ஒரு சந்தேகம். "வில்லனும் வன்முறையும்"னு எண்ணும்மை போட்டு ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிட்டாங்க. அது ரெண்டும் ஒண்ணா? வேற வேற இல்லையா?

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்குங்க. நரி வில்லன்தானே? நைஸாப் பேசி, பாடச் சொல்லி, வடையை அடிச்சுக்கிட்டுப் போனான். எங்கயாவது ஒரு அடி விழுந்துச்சா? ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா? வில்லன் உண்டு, வன்முறை இல்லை!

இப்ப 'டாம் அண்ட் ஜெர்ரி'க்கு வாங்க. 1940-லே வந்தது. அந்தக் குறும்படங்களுக்கு 7 ஆஸ்கர் பரிசு. நானும் ரசிகன்தான், மறைக்கலை. ஆனா அதிலே வில்லன் யாரு? பூனையா, எலியா? பாதி நேரம் வம்பை ஆரம்பிக்கிறதே எலிதான்! வில்லன் யாருன்னே தெரியாது, அடி மட்டும் விழுந்துக்கிட்டே இருக்கும்.

இந்த ரெண்டுமே இல்லாத படம் உண்டா? உண்டு. ஜப்பான்லே ஹயாவோ மியாசாகி 1988-லே எடுத்த 'மை நெய்பர் டொடோரோ'. அம்மா ஆஸ்பத்திரியிலே இருக்கா. ரெண்டு பெண் குழந்தைங்க. அம்மாவைத் தேடிக்கிட்டுச் சின்னவ தனியாக் கிளம்பி வழி தவறிடுறா. வில்லனும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனா அந்தக் குழந்தை கிடைக்கிற வரைக்கும் நமக்குப் பதைக்கும். ஆகவே, அடிதடி இல்லாட்டி கதை சப்புன்னு இருக்கும் என்ற வாதம் நிற்காது.

அப்ப எதுதான் ஆபத்து? என் வீட்டுக் கதையைச் சொல்றேன். பேரனுக்கு அஞ்சு வயசு, பேத்திக்கு மூணு. ஒரு நாள் நான் பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எழுதணும். தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் டி.வி.யைப் போட்டுவிட்டேன். போட்டது யாரு? நான்தான். கொஞ்ச நேரத்துல 'வீல்'னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, பேரன் கையிலே பூரிக்கட்டை, பேத்தி நெத்தியிலே ரத்தம். மூணு தையல். ராத்திரி அவன் என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு மெதுவாக் கேட்டான்: "தாத்தா, அவ தலையைச் சுத்தி நட்சத்திரமே வரலியே, ஏன்?"

ஐயா, அவன் கெட்ட பிள்ளையில்லை. அடிச்சா நட்சத்திரம் சுத்தும், அடுத்த நிமிஷம் எழுந்து ஓடும்னு நம்பியிருக்கான். வலிக்கும்னு யாரும் அவனுக்குக் காட்டலை.

"வில்லன்தான் கடைசியிலே தோத்துடுறானே, அதுவே பாடமாச்சே"ன்னு கேட்டாங்க. அமெரிக்காவிலே ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். நம்ம தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, தள்ளினா சாய்ஞ்சு எழுந்து நிக்கிற ஒரு காற்றடைத்த பொம்மை. 1961-லே ஒரு பெரியவர் அதை அடிக்கிறதை நேரிலே பார்த்த குழந்தைங்க தாங்களும் அப்படியே அடிச்சாங்க. 1963-லே பூனை வேஷம் போட்ட ஒருத்தர் அடிக்கிறதைத் திரையிலே காட்டினார். அதைப் பார்த்த பிள்ளைங்களும் அடிச்சாங்க.

1965-லேதான் முக்கியமான சோதனை. அடிச்சவனுக்குத் தண்டனை கிடைக்கிற மாதிரி படத்தை முடிச்சார். அதைப் பார்த்த பிள்ளைங்க குறைவாத்தான் அடிச்சாங்க. 'பார்த்தீர்களா, திருந்திட்டாங்க'ன்னு நினைக்கிறோம். அடுத்து, "படத்துல பார்த்ததைச் செஞ்சு காட்டு, பழச்சாறும் ஒட்டுப்படமும் தர்றேன்"னார். தண்டனையைப் பார்த்த பிள்ளைங்களும் மத்தவங்களுக்குச் சமமாச் செஞ்சு காட்டினாங்க! அதாவது, தண்டனை கையைத்தான் கட்டிப் போட்டுச்சு. பாடம் உள்ளே போய் உட்கார்ந்தாச்சு.

பொம்மையை அடிச்சவன் ஆளை அடிப்பானான்னு கேட்கலாம். சரியான கேள்வி, அறிஞர்களே அதைக் கேட்டிருக்காங்க. கார்ட்டூன் பார்த்து நல்லபடியா வளர்ந்த பிள்ளைங்க கோடிக்கணக்கிலே உண்டு. அதனாலேதான் தடை போடுன்னு நான் சொல்லலை.

சூரனைக் கேட்டாரே, அவருக்கு ஒரு வார்த்தை. கந்தபுராணத்திலே மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒண்ணு மயிலாச்சு, ஒண்ணு சேவலாச்சு. மயில் வாகனமாச்சு, சேவல் கொடியாச்சு. நம்ம பெரியவங்க வில்லனை வச்சாங்க, அவனுக்கு ஒரு கதிமோட்சமும் வச்சாங்க. 1994-லே வந்த 'லயன் கிங்'லேயும் வில்லன் உண்டு. ஆனா செத்துக் கிடக்கிற அப்பாவை அந்தக் குட்டி எழுப்பிப் பார்க்கிறப்ப எந்தப் பிள்ளையும் சிரிக்காது.

ஆகவே தீர்ப்பு இதுதான்: குழந்தைகளின் கார்ட்டூனுக்கு வில்லன் இருக்கலாம், வலிக்காத அடி தேவையில்லை! எடுக்கிறவங்களுக்கு அது. நமக்கு ஒண்ணு: டி.வி.யைப் போட்டுவிட்டுட்டு எழுந்து போகாதீங்க, பக்கத்துல உட்காருங்க. நான் இப்ப உட்காருறேன். போன வாரம் பூனை மூஞ்சியிலே இஸ்திரிப் பெட்டி விழுந்தப்ப பேரன் திரும்பிக் கேட்டான்: "தாத்தா, நிஜமா விழுந்தா வலிக்கும்ல?"

"ரொம்ப வலிக்கும்டா ராஜா"ன்னேன். தங்கச்சி நெத்தியைத் தடவிக் கொடுத்தான்.