உஷார்! கிணற்றுக்குள் கடல் நுழைகிறது

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் லேசாகக் கரிக்கிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? பருப்பு வேக வழக்கத்தைவிட நேரமாகிறதா? கொல்லையில் வாழை இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் கருகுகிறதா?

எண்ணூர் முதல் மாமல்லபுரம் வரை கடலோரத்தில் போர் தண்ணீரை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இவற்றில் ஒன்றைக்கூட அலட்சியப்படுத்த வேண்டாம். 'கோடையென்றால் அப்படித்தான் இருக்கும்' என்று நாம் தள்ளிப்போடும் மாதங்களில்தான் கடல் மண்ணுக்கடியில் ஊருக்குள் வருகிறது.

மீஞ்சூரில் நடந்தது

சென்னைக்கு வடக்கே, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொட்டிய மணல் படுகையில் அருமையான ஊற்று இருந்தது. 1960-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் வட்டாரங்களில் வரிசையாகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நகரமும் தொழிற்சாலைகளும் உறிஞ்சின. வயல்களின் பம்புசெட்டுகளும் உறிஞ்சின.

1969-ல் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்திருந்தது. 1983-ல் அது சுமார் 9 கிலோமீட்டர். பதினான்கே ஆண்டுகள்! ஓர் அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கிணறுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கரித்தன. அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். ஒரு காலத்தில் மணல் சும்மா வடிகட்டித் தந்த தண்ணீருக்கு இன்று மின்சாரத்தைக் கொட்டி அழுகிறோம்.

எப்படி நுழைகிறது?

கோயில் கண்ணாடி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர், மேலே எண்ணெய். கடலோர மண்ணுக்குள்ளும் அப்படித்தான்: கனமான உப்புநீர் அடியில், லேசான நன்னீர் மேலே. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடிக்கு உப்புநீரை அழுத்தி வைக்கும். அந்த 1 அடியை நாம் உறிஞ்சிவிட்டால், நாளடைவில் உப்பின் எல்லை 40 அடி வரை மேலேறும். எண்ணெய் தீர்ந்தால் திரி தொடுவது தண்ணீரைத்தான்.

ஆற்றில் மணல் அள்ளுவதும், ஏரி குளங்களைத் தூர்த்து மனை போடுவதும் மேலிருந்து இறங்கும் நன்னீரை நிறுத்திவிடுகின்றன. ஒரு பக்கம் வரவு நிற்கிறது, மறுபக்கம் செலவு ஏறுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மழை வராததோடு, வந்த மழையை மண்ணுக்குள் இறக்காததும் அதற்குக் காரணம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். மாநிலம் முழுமைக்கும் 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தாகிவிட்டது.

இந்த மூன்றும் வேண்டாம்

1. 'இன்னும் நூறடி இறக்குங்க, நல்ல தண்ணி வரும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். கடலோர மணலில் ஆழம் போகப் போக உப்புதான் நெருங்கும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

2. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை மழைநீர்க் குழியில் விடாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். நீங்களே உங்கள் ஊற்றில் உப்பைக் கரைத்தது போலாகும்.

3. காசுக்கு ஆசைப்பட்டுக் கிணற்றை டேங்கர் லாரிக்கு விடாதீர்கள். இரவெல்லாம் மோட்டார் ஓடினால் அடியிலிருக்கும் உப்புநீர் கூம்பாக எழும்பி வரும்.

இவற்றை உடனே செய்யுங்கள்

மே கடைசியில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்துக்குக்கூட 2000 தான் எல்லை. குளோரைடு அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆண்டுக்காண்டு ஏறினால், நாக்குக்குத் தெரியும் முன்பே நோட்டு சொல்லிவிடும்.

1200 சதுர அடி மொட்டைமாடியில் சென்னை மழை ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயாக நிற்கிறது. குழியில் சேறு மண்டிக் கிடக்கிறது. அதைத் தூர்வாருங்கள், ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராமசபையில் குளத்தையும் ஆற்றுமணலையும் காக்கத் தீர்மானம் போடுங்கள்.

உப்பேறிய மணலை மழை கழுவித் தீர்க்கப் பல்லாண்டுகள் பிடிக்கும்; நம் பிள்ளைகளின் வயசு அதில் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள், இந்த ஞாயிற்றுக்கிழமையே, உங்கள் வீட்டு மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்.