ஃபிளாஷ் அடித்தால் கோல்டன் கேட் பாலம் ஏன் காணாமல் போகிறது?

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை, இருட்டிய பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரிஸ்ஸி ஃபீல்டு கரையில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறீர்கள். ஃபிளாஷ் வெட்டுகிறது. முகங்கள் பளிச்! ஆனால் பின்னால் இருந்த பாலம் எங்கே? 227 மீட்டர் உயரக் கோபுரங்கள் இருட்டில் கரைந்துவிட்டனவே!

தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கரண்டி மாவை ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்தால் தடிமனான தோசை. அதே மாவை இரண்டு சாண் அகலத்துக்கு இழுத்தால்? பரப்பு நான்கு மடங்கு, கனம் கால்பங்கு.

ஃபிளாஷ் ஒளியும் அப்படித்தான். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிறது. அம்மா 2 மீட்டரில், பாலம் 1,000 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 500 மடங்கு. அப்படியானால் பாலத்தில் விழுவது, அம்மாவின் முகத்தில் விழுவதில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குதான்!

பாலத்தில்தான் விளக்குகள் இருக்கின்றனவே என்கிறீர்களா? இருக்கின்றன. ஆனால் அந்த மங்கிய ஒளி, சொட்டுச் சொட்டாக வடியும் குழாய்த் தண்ணீர் மாதிரி. குடத்தைக் கொஞ்ச நேரம் பிடித்தால்தான் நிறையும். ஃபிளாஷ் போட்டதும் கேமரா தன் கதவைச் சட்டென்று மூடிவிடுகிறது.

வழி என்ன? கேமராவை முக்காலியில் வைத்து, ‘ஸ்லோ சிங்க்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாஷ் முகங்களைப் பிடிக்கும். திறந்தே இருக்கும் கதவு பாலத்தின் ஒளியைச் சேர்க்கும். ஃபிளாஷ் அடித்த பிறகும் இரண்டு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அம்மா, அப்பா, பாலம் மூவரும் ஒரே படத்தில் இருப்பார்கள்!