வண்ணம் வெளியே, காவல் உள்ளே

மாணவர்களே! திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? முகம் திறந்த, பழைய பாணித் தலைக்கவசத்துக்குப் பிடித்த வண்ணம் பூசி அணிந்து செல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அழகுதான். ஆனால் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு வண்ணத்துக்கு இல்லை. உள்ளே மறைந்திருக்கும் தெர்மகோலுக்கே!

'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935-இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், தலைக்கவசத்தின் பயனை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். மோதலின் ஆற்றலை உறிஞ்சும் உட்புறம் கொண்ட கவசத்துக்கு அமெரிக்காவில் சார்லஸ் லொம்பார்டு 1953-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பெல் நிறுவனம் '500' என்னும் முகம் திறந்த கவசத்தை வெளியிட்டது. இன்றைய பழைய பாணிக் கவசங்களுக்கு அதுவே மூதாதை எனலாம்.

தெர்மகோல் எப்படிக் காக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, வினாடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வெறும் தலை 3 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் 500. அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சராசரியாக 500 மடங்கு எதிர்முடுக்கம்! தெர்மகோல் 2.5 செ.மீ. நசுங்கினால் இது 60 மடங்காகக் குறைகிறது. நசுங்கிய தெர்மகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் இது கட்டாயம். அணிந்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். முகம் திறந்த கவசம் தாடையைக் காக்காது என்பதையும் மறவாதீர்கள்.

வண்ணம் பூசுமுன் ஒரு சோதனை. வேதியியல் ஆசிரியர் முன்னிலையில், நெருப்பில்லாத இடத்தில், தெர்மகோல் துண்டின் மேல் சில துளி அசிட்டோன் விடுங்கள். அது கரைந்து குழி விழும். பெட்ரோலும் தின்னரும் தெர்மகோலைக் கெடுக்கும். பாலிகார்பனேட் ஓட்டில் இவை நுண்ணிய விரிசல்களை உண்டாக்கலாம். எனவே பாலிகார்பனேட் ஓட்டுக்கு வண்ணம் பூசாதிருப்பதே நல்லது. கண்ணாடி இழை ஓடாக இருந்தால், தயாரித்தவர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, விளிம்புகளையும் உட்புறத்தையும் நன்றாக மூடி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசலாம். வெளிர் நிறமானால் திருச்சி வெயிலின் சூட்டை அதிகம் உறிஞ்சாது. அந்தி வேளையிலும் எளிதில் தெரியும்.

4 வயதுக்கு மேற்பட்ட எவரும் மோட்டார் சைக்கிளில் கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். அப்பாவின் பின்னால் அமர்ந்து பள்ளி செல்லும் உங்களுக்கும் இது பொருந்தும். இன்று மாலை வீட்டிலுள்ள கவசத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே தெர்மகோல் இருக்கிறதா?